படிவத்தின் இரண்டாம் பக்கம்

சென்ற மாதம் எமது அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றின் இரு பக்கமும் நிறைய எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஒரு தாய். அவரது நான்கு வயது மகனுக்கு தலசீமியா நோய். மாதம் ஒரு தடவை இரத்தம் ஏற்றுகிறார்கள். மூத்த மகளுக்கு ஏழு வயது. இரு பிள்ளைகளின் இரத்தத்தையும் பரிசோதித்ததில், தம்பிக்கு அக்காவின் என்புமச்சை முழுமையாகப் பொருந்துவதாகத் தெரிய வந்திருக்கிறது. "மச்சையை மாற்றினால் பிள்ளைக்கு முழுச் சுகம் என்று சொல்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது. வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. உங்கள் பக்கத்தில் இதைப் பற்றி எழுதுவீர்களா?" என்று கேட்டிருந்தார்.

நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். ஆனால் இச்சிகிச்சைக்குப் போய் வந்த ஒரு குடும்பத்தை பதினொரு வருடங்களாக அறிவேன். அவர்களைப் பற்றி எழுதலாமா என்று மூத்த மகளிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள். ஆகவே புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

2014 இல் நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது எனக்கு 25 வயது. மூத்த பிள்ளைக்கு 13, இளையவளுக்கு 9. தகப்பன் கடற்றொழிலாளி. மூத்தவள் 13 வயதுப் பிள்ளையைப் போல இல்லை. உயரம் குறைவு, முகத்தில் சோகை, வயிறு சற்று உப்பியிருந்தது. பிறந்து எட்டாம் மாதத்திலிருந்து அவளுக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று, நான்கு கிழமைக்கு ஒரு தடவை விடியற்காலை பஸ் எடுத்து குருணாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்குப் போவார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது பிள்ளையின் முகத்தில் நிறம் இருக்கும். மூன்றாவது கிழமையில் அந்த நிறம் போய்விடும்.

தலசீமியா என்பது செங்குருதிக் கலங்களைச் சரியாக உண்டாக்க முடியாத பரம்பரை நோய். தாய், தகப்பன் இருவருமே நோய்க்காவிகளாக இருந்தால்தான் பிள்ளைக்கு இது வரும், அதுவும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதை நான் அந்த வீட்டில் மூன்று தடவை விளங்கப்படுத்தினேன். அப்படியிருந்தும் மாமியார் இறக்கும் வரை அது மருமகள் வழி வந்த நோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் உடம்பில் சேரும். அது ஈரலிலும் இருதயத்திலும் ஓமோன் சுரப்பிகளிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். அதை வெளியேற்ற 'டெஸ்பரால்' மருந்தை வயிற்றுத் தோலின் கீழ் ஊசி குத்தி, ஒரு சிறிய பம்ப் மூலம் இரவு எட்டு, பத்து மணித்தியாலம் செலுத்த வேண்டும். கிழமையில் ஐந்து இரவாவது செலுத்த வேண்டும். தாய் பிள்ளையின் பக்கத்தில் படுத்து, ஊசி கழன்றுவிடாமல் கையை வைத்துக்கொண்டு தூங்குவார். இப்போது இதற்கு வாயால் எடுக்கும் மருந்தும் உண்டு. சீராக மருந்தெடுக்கும் தலசீமியா நோயாளர் பலர் இன்று நாற்பது வயதைத் தாண்டியும் வாழ்கிறார்கள், திருமணம் செய்கிறார்கள், சிலர் பிள்ளை பெற்றும் இருக்கிறார்கள். கடிதம் எழுதிய தாய் இதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். மாற்று சிகிச்சைக்கு எதிரே இருப்பது மரணம் மட்டும் அல்ல.

ஒரு பிள்ளையின் இழையப் பொருத்தத்துக்கான அடையாளங்கள் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகின்றன. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். அந்த வீட்டில் தங்கை பொருந்தினாள். செய்தி வந்த அன்று தகப்பன் கோயிலில் தேங்காய் உடைத்ததாகத் தாய் சொன்னார்.

கடந்த சில வருடங்களாக இச்சிகிச்சை இலங்கையிலும் செய்யப்படுகிறது. அப்போது அவர்கள் இந்தியாவுக்குப் போகவே தீர்மானித்தார்கள். இரண்டு எஞ்சின்களில் ஒன்று விற்கப்பட்டது. தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலகச் சிபாரிசு, உதவி நிதி விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் நிரப்பியவள் நான். இந்திய வைத்தியசாலையிலிருந்து மின்னஞ்சலில் வந்த ஆங்கில விளக்கப் படிவத்தை வாசித்துச் சொல்வதும் என் வேலையாக இருந்தது.

அந்தப் படிவம் நான்கு பக்கம். அதன் இரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம்மில் பலர் இதை ஒரு சத்திரசிகிச்சை என்று நினைக்கிறோம். எலும்பை வெட்டி எலும்பு வைப்பார்கள் என்று நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என்புமச்சை என்பது எலும்புக்குள் இருக்கும் மென்மையான பொருள். குருதியை உண்டாக்கும் மூலக் கலங்கள் அதில்தான் உள்ளன. கொடுப்பவரை மயக்கி, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசி செலுத்தி மச்சையை உறிஞ்சி எடுப்பார்கள். பெறுபவருக்கு அது சாதாரண இரத்தம் போலவே ஒரு பையிலிருந்து நரம்பு வழியாக ஏறும். கலங்கள் தாமாகவே எலும்புக்குள் வழி தேடிப் போய்விடும். அன்றைய நாளைப் பற்றித் தாய் என்னிடம் தொலைபேசியில், "இதுக்கா மிஸ் இவ்வளவு பயந்தோம், ரெண்டு மணித்தியாலத்துல முடிஞ்சிட்டு" என்றார்.

கடினமானவை அதற்கு முன்னும் பின்னும் இருக்கின்றன. முன்னால், பிள்ளையின் சொந்த மச்சையை முற்றாக அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் புதியது ஊன்றாது. இதற்காகப் பல நாட்கள் வீரியமான இரசாயன மருந்துகளைக் கொடுப்பார்கள். புசல்பான், சைக்ளோபொஸ்பமைட் என்பன இதற்கு நீண்டகாலமாகப் பாவிக்கப்படுபவை. தலைமுடி கொட்டும். வாய் முதல் குடல் வரை புண்ணாகும், எச்சில் விழுங்கவும் முடியாது. தோல் கறுக்கும். ஈரலின் சிறு நரம்புகள் அடைபட்டு உயிராபத்தாகலாம். புதிய மச்சை ஊன்றி வெண்குருதிக் கலங்கள் தலைகாட்ட இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். அதுவரை அந்த உடம்புக்கு எந்தக் கிருமியையும் எதிர்க்கும் சக்தி இல்லை.

பின்னால் வருவது ஜீ.வீ.எச்.டீ. என்று வைத்தியர்கள் சொல்லும் சிக்கல். சாதாரணமாக உறுப்பு மாற்றினால் உடம்பு அந்த உறுப்பை நிராகரிக்கும் என்று கேள்விப்பட்டிருப்போம். இங்கே அதன் மறுபக்கமும் நடக்கும். புதிதாக வந்த மச்சையிலிருந்து பிறக்கும் நோயெதிர்ப்புக் கலங்கள், தாம் குடியேறிய உடம்பையே அந்நியமாகக் கருதித் தாக்கத் தொடங்கும். ஆரம்பத்தில் தோல், ஈரல், குடல் ஆகியவற்றைத் தாக்கும். நாட்பட்டால் கண் வரண்டு போகும், வாய் காயும், தோல் இறுகும், நுரையீரல் பாதிக்கப்படும். பெண்களின் பிறப்புறுப்பும் பாதிக்கப்படலாம். வெட்கத்தால் பெண்கள் அதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் மருந்து உண்டு.

இரத்தப் புற்றுநோய்க்காக இச்சிகிச்சை பெறுபவர்களில், இதே தாக்குதல் எஞ்சியிருக்கும் புற்றுக்கலங்களையும் அழிப்பதால் ஓரளவு நன்மையும் உண்டு. தலசீமியாவில் அழிக்கப் புற்று இல்லை. தீமை மட்டுந்தான்.

இந்தச் சிகிச்சையின் வரலாறும் இழப்புகளின் மேலேதான் வளர்ந்தது. அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ் குழுவினர் 1957 இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் இருந்த ஆறு நோயாளர்களில் ஒருவரும் 100 நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்கவில்லை. 1990 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரது மனைவி டொரதி தோமஸ் ஆய்வுகூடத்தில் ஆரம்பம் முதல் கூடவே வேலை செய்தவர், கணவரின் கட்டுரைகளைத் திருத்தியவர். என்புமச்சை மாற்று சிகிச்சையின் தாய் என்று அந்தத் துறையினரே அவரைச் சொல்வார்கள். பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

தலசீமியாவுக்கு முதலாவது மாற்று சிகிச்சை 1981 டிசம்பரில் சியாட்டில் நகரில் நடந்தது. உடனடுத்து இத்தாலியின் பெசாரோ நகரில் குய்டோ லூக்கரெல்லி என்ற வைத்தியர் இதைத் தொடங்கி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்தார். அவர் கண்டறிந்த முக்கியமான விடயம், எல்லாப் பிள்ளைகளுக்கும் பலன் ஒரே மாதிரி அல்ல என்பதுதான். ஈரல் வீங்கியிருக்கிறதா, ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பு வெளியேற்றும் மருந்து ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்ற மூன்றையும் வைத்துப் பிள்ளைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். இக்குறைகள் எதுவும் இல்லாத சிறு பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் வரை நோய் நீங்கி வாழ்ந்தார்கள். மூன்றும் உள்ளவர்களில் அக்காலத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே அது கிடைத்தது. இப்போது மருந்து முறைகள் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் சிறு வயதில், ஈரல் கெடுமுன், பொருந்திய சகோதரரிடமிருந்து பெறுவதே மிகச் சிறந்தது என்பது மாறவில்லை. எங்கள் பிள்ளைக்கு ஈரல் வீங்கியிருந்தது. பம்ப் பழுதாகி மாதக்கணக்கில் மருந்து நின்ற காலமும் உண்டு. இரண்டாம் வகுப்பு என்றார்கள்.

இனி அந்த இரண்டாம் பக்கம்.

அதில் வரக்கூடிய பாதிப்புகள் வரிசையாக இருந்தன. ஏழாவதோ எட்டாவதோ வரியில், மருந்துகளால் சூலகங்கள் செயலிழக்கலாம், பருவமடைதல் தாமாக நிகழாமற் போகலாம், பிற்காலத்தில் பிள்ளைப்பேறு கிடைக்காமற் போகலாம் என்று எழுதப்பட்டிருந்தது. தகப்பனுக்கு வாசித்துச் சொன்னேன். நாங்கள் இருவரும் எமது அலுவலக விறாந்தையில் இருந்தோம். தாய் பிள்ளைகளோடு வீட்டில்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மிஸ், இத வீட்டில சொல்லாதீங்க. சொன்னா அவ வேணாம்னு நின்றுவா. பிள்ளைக்கு உயிர் கிடைச்சாப் போதும் மிஸ், மற்றத அப்புறம் பாப்போம்" என்றார்.

நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனபோது தாய் படிவத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். முடி கொட்டும், வாய்ப்புண் வரும், கிருமித்தொற்று வரும், ஈரலுக்கு ஆபத்து என்றெல்லாம் சொன்னேன். அந்த வரியைத் தாண்டிப் போனேன். 13 வயதுப் பிள்ளையிடம் எதுவுமே கேட்கப்படவில்லை. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்களின் உடல் பற்றிய தீர்மானங்களைப் பெண்களே எடுக்க வேண்டும் என்று அந்த வருடந்தான் நான் கிராமம் கிராமமாகப் போய்ப் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

2015 இல் சிகிச்சை நடந்தது. முதல் 100 நாட்களும் வைத்தியசாலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் ஒரு விடுதியில் அறை எடுத்தார்கள். காசு முடிய தகப்பன் தொழிலுக்குத் திரும்பிவிட்டார். தாயும் இரு பிள்ளைகளும் அங்கே ஏழு மாதம் இருந்தார்கள். அந்த விடுதியின் பொதுக் குசினியில் நான்கு தாய்மார் சமைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழி. எல்லாமே நன்றாக வெந்திருக்க வேண்டும், பச்சையாக ஒன்றும் கூடாது, கொதித்தாறிய தண்ணீர், பிள்ளையின் பாத்திரம் தனியாக. இருமுகிறவர் யாரும் குசினிக்குள் வரக்கூடாது என்பது அவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். ஒருவரின் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தால் அன்று நால்வருக்கும் பாயாசம்.

அந்த நான்கு பிள்ளைகளில் ஒரு பெண்பிள்ளை 40 நாள் கழித்துத் தொற்று ஏற்பட்டு இறந்துவிட்டாள். அவளது தாய் ஊருக்குப் போகுமுன் தன் பிரஷர் குக்கரை எங்கள் தாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பையனுக்குப் புதிய மச்சை ஊன்றவில்லை, பழையதே திரும்ப முளைத்து, உயிர் பிழைத்தாலும் மறுபடி மாதாமாதம் இரத்தம் ஏற்றும் நிலைக்குப் போனான். மற்ற இருவரும் நோய் நீங்கி வீட்டுக்குப் போனார்கள். இதை யாரும் கணக்கு விகிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முழுச் சுகம் என்ற சொல்லுக்குள் எத்தனை வகை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பதை அந்தக் குசினியில் பார்க்க முடிந்தது.

எங்கள் பிள்ளைக்கு 35 ஆவது நாளளவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியத் தொடங்கின. ஜீ.வீ.எச்.டீ. தான். ஸ்டீரொயிட் கொடுத்தார்கள், முகம் வீங்கியது. சைக்ளோஸ்போரின் என்ற மருந்தால் முகத்திலும் கையிலும் முடி வளர்ந்தது, முரசு தடித்தது. 14 வயதுப் பெண்பிள்ளை. விடுதிக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டாளாம்.

தங்கை அப்போது ஒன்று கேட்டிருக்கிறாள்: "அம்மா, என்ட இரத்தந்தான் அக்காவக் கடிக்குதா?" யாரோ வைத்தியசாலையில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது எனக்கும் தெரியவில்லை. கொடுக்கும் பிள்ளைக்கு உடம்பில் பெரிய ஆபத்து இல்லை, சில நாட்கள் இடுப்பு வலி, எடுத்த மச்சை சில கிழமைகளில் மீண்டும் வளர்ந்துவிடும் என்றெல்லாம் படிவத்தில் இருந்தது. மனதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒன்பது வயதில் அவளிடம் சம்மதம் கேட்டது யார்? "அக்காவுக்கு இரத்தம் குடுப்பியா?" என்று கேட்டார்கள், தலையாட்டினாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஏதாவது வழி இருந்ததா என்று நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

தோல் மெல்ல மெல்ல ஆறியது. ஊருக்கு வந்தார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு தடவைகூட இரத்தம் ஏற்றவில்லை. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அவளது இரத்த வகை முன்பு ஓ, இப்போது தங்கையின் பீ வகை. கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, பிழையாக எழுதிவிட்டார்கள் என்று தாய் தாதியிடம் சண்டைக்கே போய்விட்டார். பழைய நிர்ப்பீடனம் எல்லாம் அழிந்துபோவதால் பிறந்த குழந்தைக்குப் போல தடுப்பூசிகளை மறுபடி போட வேண்டும். 15 வயதுப் பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது மருத்துவமாது முதலில் நம்பவில்லை. ஈரலில் சேர்ந்திருந்த இரும்பு தானாகப் போகாது. அதற்காக மாதாமாதம் கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். 13 வருடம் ஏற்றியவளுக்கு இப்போது எடுக்கிறார்கள் என்று அவளே சிரிப்பாள்.

2018 இல் தங்கை பெரிய பிள்ளையானாள். அக்காவுக்கு அப்போது 17 வயது. அவளுக்கு இன்னும் ஆகவில்லை. ஊர் கேட்கத் தொடங்கியது. மூத்தவளுக்குச் செய்யாமல் இளையவளுக்கு எப்படிச் செய்வது என்று தாய் சாமத்தியவீட்டைத் தள்ளிப்போட்டார். நோயாளிப் பிள்ளை, உடம்பு தேறினால் தானாக ஆகும் என்று நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் கொடுத்துக்கொண்டிருந்தார். தகப்பன் வாய் திறக்கவில்லை. நானும் அப்போது வேறு பிரதேசத்துக்கு மாற்றலாகியிருந்தேன் என்பதைக் காரணமாகச் சொல்லலாம். தொலைபேசி என்னிடம் இருந்தது.

கடைசியில் பிள்ளை படியில் தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. சிறிய விழுகைதான். அதன் பிறகுதான் ஓமோன் சம்பந்தமான விசேட வைத்தியரிடம் அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். என்பு அடர்த்தி வயதுக்கு மிகக் குறைவு என்றார் அவர். சூலகம் வேலை செய்யாதபோது ஈஸ்ட்ரோஜன் ஓமோன் இல்லை. அது இல்லாமல் எலும்பு பலப்படாது. 12, 13 வயதளவிலேயே சிறு அளவில் மருந்தாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தால் மாதவிடாயும் வந்திருக்கும், எலும்பும் காப்பாற்றப்பட்டிருக்கும் என்றார். பிறகு, "சிகிச்சைக்கு முன்பு இதை உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

தாய் தகப்பனைப் பார்த்தார். தகப்பன் நிலத்தைப் பார்த்தார். பிள்ளை என்னைப் பார்த்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கத்து ஆசனத்தில் இருந்தவள், "மிஸ், உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. 2021 இல் கொரோனாத் தடுப்பூசி போடலாமா என்று கேட்கத்தான் முதல் தடவை அழைத்தாள்.

பல்கலைக்கழகத்தில் பார்சன்ஸ் என்ற அமெரிக்க அறிஞரின் 'நோயாளி வகிபாகம்' பற்றிப் படித்திருக்கிறேன். நோயாளி தன் வழமையான கடமைகளிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று அவர் எழுதினார். பரீட்சையில் நன்றாக எழுதினேன். நோயாளி ஒரு பெண்பிள்ளையாக இருந்தால் தன்னைப் பற்றி அறியும் உரிமையிலிருந்தும் சேர்த்தே விடுவிக்கப்படுகிறாள் என்பதை நான் அந்த வீட்டில், என் வாயால் கற்றேன்.

நியாயமாகச் சொல்வதானால், இரும்புப் படிவினால் ஓமோன் சுரப்பிகள் கெட்டு, மாற்று சிகிச்சை செய்யாத தலசீமியாப் பிள்ளைகளுக்கும் பருவமடைதல் தடைப்படுவதுண்டு. அவளுக்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் தாய் சம்மதித்திருக்கக்கூடும். அவரே பின்னர் என்னிடம், "சம்மதிச்சிருப்பேன் மிஸ். ஆனா நாலு வருஷம் களி கிண்டியிருக்க மாட்டேன்" என்றார். தகப்பனை அவர் திட்டவில்லை. எஞ்சினை விற்றவரும் அவர்தானே. ஆனால் அதன் பிறகு எந்தக் கிளினிக்குக்கும் அவரைத் தனியாக அனுப்புவதில்லை.

2016 டிசம்பரில் லண்டனில் ஒரு குழந்தை பிறந்த செய்தியை நான் தாமதமாகத்தான் வாசித்தேன். தாய் துபாயைச் சேர்ந்தவர், தலசீமியா நோயாளி. சிறு வயதில் சகோதரரிடமிருந்து என்புமச்சை பெற்றவர். அந்த மருந்துகள் கொடுக்கப்படுவதற்கு முன், அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு சூலகத்தை எடுத்து இங்கிலாந்தில் உறைநிலையில் பாதுகாத்தார்கள். பெரியவரானதும் அந்த இழையத்தை உடம்பில் திரும்பப் பொருத்தினார்கள். 24 வயதில் ஆண் குழந்தை பெற்றார். எங்கள் பிள்ளைக்கும் இப்போது 24 வயது. 2015 இல் எங்கள் கைக்கு அந்த வசதி எட்டியிருக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை. கேட்டுப் பார்த்திருக்கலாம்.

2023 இல் பிரித்தானியா தலசீமியாவுக்கு அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதில் நோயாளியின் சொந்தக் கலங்களே திருத்தித் திரும்ப ஏற்றப்படுவதால் ஜீ.வீ.எச்.டீ. இல்லை. ஆனால் பழைய மச்சையை அழிக்க அதிலும் புசல்பான் கொடுக்கிறார்கள். ஆகவே சூலகம் பற்றிய கேள்வி அங்கும் உண்டு. விலையோ நாம் நினைத்தும் பார்க்க முடியாதது.

எங்கள் பிள்ளை இப்போது ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. ஓமோன் மாத்திரை எடுக்கிறாள், கல்சியம் எடுக்கிறாள், கண் வரட்சிக்குத் துளி விடுகிறாள், வருடம் ஒரு தடவை எல்லாப் பரிசோதனையும் செய்கிறாள். கர்ப்பப்பை இருக்கிறது, வேறொரு பெண்ணின் கருமுட்டை மூலம் கர்ப்பம் தரிக்க வழி உண்டு என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அது இன்னொரு கதை. போன வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. விடயத்தை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம் என்று மாமா ஒருவர் சொல்லியிருக்கிறார். அவளே நேரில் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவள் அழவில்லை என்று தாய் சொன்னார். அழுதாள் என்று தங்கை சொன்னாள்.

தங்கைக்கு இப்போது 20 வயது. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அக்காவுக்குத் தடிமன் பிடித்தாலும் இன்னும் அவள்தான் முதலில் பயப்படுகிறாள்.

கடிதம் எழுதிய அம்மா, உங்கள் மகனுக்கு நான்கு வயது, ஈரல் நல்ல நிலையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மச்சை முழுமையாகப் பொருந்துகிறது. எங்கள் பிள்ளையை விட உங்கள் மகனுக்கு வாய்ப்பு மிக நல்லது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வகுப்பு, அந்த வைத்தியசாலையில் இதே வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேருக்குச் செய்து எத்தனை பேர் ஐந்து வருடம் கழித்து இரத்தம் ஏற்றாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மச்சை ஊன்றாவிட்டால் அடுத்து என்ன என்று கேளுங்கள். ஆண் பிள்ளைக்கும் விதைகள் பாதிக்கப்படலாம். என்ன மருந்து, அதற்கு என்ன பாதுகாப்பு, எந்த வயதில் ஓமோன் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு எந்தக் கிளினிக்கில், யார் பார்ப்பார்கள் என்பதைப் போகுமுன்னரே முடிவு செய்யுங்கள். படிவத்தை யார் வாசித்துச் சொன்னாலும், எல்லா வரியையும் விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நானாக இருந்தாலும்.

அடுத்த கிளினிக் நாள் எதுவென்று எனக்கு அறிவியுங்கள், நானும் வருகிறேன். அன்று மகளையும் கூட்டி வாருங்கள். ஏழு வயதுதானே என்று பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். அவளுக்கு விளங்கும்படி வைத்தியரே சொல்லட்டும், அவள் கேட்கும் கேள்விகளையும் கேட்கட்டும். மூத்த பிள்ளையும் அன்று பாடசாலையில் விடுமுறை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் மகளோடு தான் பேசுவதாக அவளது தங்கையும்.